பராமரிப்புச் சம்பளமும் வருமான வரியும்: டபிள்யூ-2 படிவத்தில் ஏன் பூஜ்யம்?

அமெரிக்காவில் உடல்நலம் குன்றிய பிள்ளையையோ வயதான பெற்றோரையோ வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு, பல மாநிலங்களில் அரசே சம்பளம் கொடுக்கிறது. வருடம் முழுக்க மணிக்கணக்கு எழுதி, சம்பளமும் வாங்கியவருக்கு ஜனவரி கடைசியில், வருடச் சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ-2 படிவம் வருகிறது. அதன் முதல் கட்டத்தில், அதாவது வரிக்குரிய சம்பளம் என்ற இடத்தில், பூஜ்யம் இருக்கிறது. பக்கத்து வீட்டில் அதே திட்டத்தில் வேலை செய்பவருக்கோ முழுச் சம்பளமும் அச்சாகியிருக்கிறது.

இது பிழையா? இந்தப் பூஜ்யத்தை அப்படியே வரிக் கணக்கில் எழுதலாமா? "இந்தப் பணத்துக்கு வரி கிடையாது" என்று தெரிந்தவர்கள் சொல்வது பாதி உண்மைதான். மீதிப் பாதி தெரியாததால் கைக்கு வரவேண்டிய பணத்தை இழந்த குடும்பங்களும் உண்டு, ஓய்வூதியத்தில் ஓட்டை விழுந்ததைப் பிந்திக் கண்டுபிடித்தவர்களும் உண்டு. அதனால் அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

பணம் எங்கிருந்து வருகிறது

மெடிகெய்டு என்பது வருமானம் குறைந்தவர்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து நடத்தும் மருத்துவத் திட்டம். முதியோருக்கான மெடிகேர் வேறு. ஆரம்ப காலத்தில், நீண்ட காலப் பராமரிப்பு தேவைப்பட்டவர்களுக்கு மெடிகெய்டு பணம் பெரும்பாலும் மருத்துவமனைக்கும் நர்சிங் ஹோமுக்கும்தான் போனது. வீட்டில் வைத்துப் பார்த்தால் செலவு குறைவு, நோயாளிக்கும் நிம்மதி. ஆனால் விதி அதற்கு அதிகம் இடம் கொடுக்கவில்லை.

1981இல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் 1915(சி) என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஒரு மாநிலம் விண்ணப்பித்தால் சில மெடிகெய்டு விதிகளைத் தளர்த்தி, அதே பணத்தை வீட்டுப் பராமரிப்புக்குச் செலவிட இந்தப் பிரிவு வழி செய்கிறது. விதியிலிருந்து தரும் இந்தத் தளர்வுக்குத்தான் 'வெய்வர்' என்று பெயர். பிற்பாடு வெய்வர் இல்லாமலே வீட்டுப் பராமரிப்புக்குப் பணம் தரும் வேறு மெடிகெய்டு பிரிவுகளும் வந்தன. வீட்டுப் பராமரிப்புக்குச் சம்பளம் தரும் திட்டங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று கலிஃபோர்னியாவின் ஐஎச்எஸ்எஸ். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குத் தாயோ தந்தையோ ஐஎச்எஸ்எஸ் பராமரிப்பாளராகப் பதிவு செய்துகொள்வது அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் தெரிந்த வழிதான். (பதிவு செய்பவருக்கு அமெரிக்காவில் வேலை செய்யும் அனுமதி இருக்க வேண்டும். வேலை அனுமதி அட்டை இல்லாமல், வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் மட்டும் இருப்பவர் இந்தச் சம்பளம் வாங்க முடியாது.)

வரி விலக்கு எப்படிப் பிறந்தது

ஃபாஸ்டர் கேர் முறையில் ஒப்படைக்கப்படும் வளர்ப்புப் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு அரசு தரும் பணத்துக்கு வருமான வரி வேண்டாம் என்கிறது வருமான வரிச் சட்டத்தின் 131ஆம் பிரிவு. ஊனமுள்ள பிள்ளை என்றால் கூடுதல் சிரமத்துக்காகத் தரும் தொகைக்கும் விலக்கு உண்டு. சட்டம் அதை 'கடினப் பராமரிப்புத் தொகை' என்ற பொருளில் தனியாகக் குறிப்பிடுகிறது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை வரும்.

ஆனால் பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொண்டால்? அது வளர்ப்புப் பிள்ளை இல்லையே என்றது மத்திய வரித் துறையான ஐஆர்எஸ். ஊனமுற்ற மகளைப் பார்த்துக்கொண்டு ஐஎச்எஸ்எஸ் பணம் வாங்கிய கலிஃபோர்னியாத் தாய் ஒருவரின் வழக்கில், அந்தப் பணத்துக்கு வரி உண்டு என்று 1992இல் வரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நியர் பார்த்தால் விலக்கு, தாய் பார்த்தால் வரி என்ற இந்த அநியாயமான நிலை இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

2014 ஜனவரியில் ஐஆர்எஸ் தன் நிலையை மாற்றிக்கொண்டு 'நோட்டீஸ் 2014-7' என்ற அறிவிப்பை வெளியிட்டது. வளர்ப்புப் பராமரிப்பும் வெய்வர் பராமரிப்பும் ஒரே நோக்கம் கொண்டவை, விடுதியிலோ நர்சிங் ஹோமிலோ போய்ச் சேர வேண்டியவரை ஒரு குடும்ப வீட்டில் வாழ வைப்பவை என்பது அதன் வாதம். எனவே வெய்வர் பணமும் கடினப் பராமரிப்புத் தொகையாகவே நடத்தப்படும், பராமரிப்பாளர் உறவினரா இல்லையா என்பது பொருட்டில்லை என்று அறிவித்தது. டபிள்யூ-2 படிவத்தில் நீங்கள் பார்க்கும் பூஜ்யத்தின் பிறப்பிடம் இந்த அறிவிப்புதான்.

விலக்கு கிடைக்க மூன்று கேள்விகள்

1. பணம் மெடிகெய்டு வீட்டுப் பராமரிப்புத் திட்டத்திலிருந்து வருகிறதா? 1915(சி) வெய்வர் என்றால் சந்தேகமே இல்லை. மற்ற மெடிகெய்டு பிரிவுகளில் திட்டத்தின் தன்மையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். ஐஎச்எஸ்எஸ் சம்பளத்துக்கு இந்த விலக்கைக் கலிஃபோர்னியா அரசே நடைமுறைப்படுத்துகிறது, மாநில வருமான வரியிலும் அதைப் பின்பற்றுகிறது.

2. ஒருவருக்குத் தனிப்பட்ட முறையில் வகுத்த பராமரிப்புத் திட்டத்தின்படி செய்த வேலைக்கான பணமா?

3. பராமரிப்பாளரும் பராமரிக்கப்படுபவரும் ஒரே வீட்டில், அதுவும் பராமரிப்பாளரின் வீட்டில், வாழ்கிறார்களா?

பக்கத்து வீட்டுக்காரரின் படிவத்தில் முழுச் சம்பளமும் அச்சாகியிருந்ததற்குப் பெரும்பாலும் மூன்றாவது கேள்விதான் காரணமாக இருக்கும். சிக்கல் வருவதும் இங்கேதான், அதனால் இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

'பராமரிப்பாளரின் வீடு' என்றால் வீட்டுப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பராமரிப்பாளர் எங்கே குடியிருக்கிறார், எங்கே சாப்பிட்டுத் தூங்கி, பண்டிகை கொண்டாடித் தன் அன்றாட வாழ்க்கையை நடத்துகிறார் என்பதைத்தான் பார்க்கிறார்கள். மகள் தன் சொந்த வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மா வீட்டுக்கே வந்து தங்கிவிட்டால், அது அம்மாவின் வீடாக இருந்தாலும் இப்போது மகளின் வீடும்தான். விலக்கு உண்டு. அதே மகள் திங்கள் முதல் வெள்ளிவரை அம்மாவோடு தங்கி, சனி ஞாயிறு தன் கணவன் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குப் போகிறார் என்றால், அவருடைய வீடு அந்த இரண்டாவது வீடு. அம்மா வீட்டில் ஐந்து இரவு தூங்கினாலும் விலக்கு இல்லை.

இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்துகொண்டு காலையும் மாலையும் வந்து பார்த்துக்கொள்ளும் மகனுக்கும் விலக்கு இல்லை. அவர் செய்யும் வேலை சற்றும் குறைவில்லை என்றாலும் சட்டம் வேலையின் கனத்தை அளக்கவில்லை, வீட்டைத்தான் பார்க்கிறது. ஒரே வீட்டில் இரண்டு பேர் பராமரிப்பாளர்களாக இருந்தால், இருவருமே அங்கே வாழ்பவர்கள் என்றால், இருவருக்கும் விலக்கு பொருந்தும்.

கலிஃபோர்னியாவில் 'எஸ்ஓசி 2298' என்ற படிவத்தில் "நான் இவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறேன்" என்று கையெழுத்திட்டுக் கொடுத்தால், அப்புறம் சம்பளத்தில் வருமான வரி பிடிப்பது நிற்கும், டபிள்யூ-2 முதல் கட்டம் பூஜ்யமாகும். கொடுக்காவிட்டால் உரிமை போய்விடாது. வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது நீங்களே கழித்துக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான். வேறு வீட்டுக்குக் குடிபோனால் அதையும் உடனே தெரிவிக்க வேண்டும்.

விலக்கும் வேண்டும், சலுகையும் வேண்டும்: மினசோட்டா வழக்கு

வேலை செய்து குறைவாகச் சம்பாதிக்கும் குடும்பங்களுக்கு 'ஈட்டிய வருமான வரிச் சலுகை' என்று ஒன்று உண்டு. கட்ட வேண்டிய வரி பூஜ்யமாக இருந்தாலும் அரசு கையில் பணமாகவே தரும் சலுகை இது. குழந்தை வரிச் சலுகையிலும் ஒரு பகுதி இப்படிக் கைக்கு வரும். இரண்டுக்கும் நிபந்தனை ஒன்றே: உழைத்து ஈட்டிய வருமானம் இருக்க வேண்டும்.

2014 அறிவிப்புக்குப் பிறகு ஐஆர்எஸ் சொன்னது இது: பராமரிப்புச் சம்பளத்துக்கு வரி இல்லை, எனவே அது ஈட்டிய வருமானமும் இல்லை, எனவே சலுகையும் இல்லை. ஏழைக் குடும்பங்களுக்கு இது பெரிய அடி. முன்பும் அவர்கள் கட்டிய வரி சொற்பம்தான், அவர்கள் நம்பியிருந்தது இந்தச் சலுகைத் தொகையை. உதவி செய்ய வந்த விலக்கு அதைப் பிடுங்கிக்கொண்டது.

ஊனமுற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட மினசோட்டாத் தம்பதி ஒருவர் வழக்குத் தொடுத்தனர். சட்டம் கொடுத்த சலுகையை ஓர் அறிவிப்பால் பறிக்க ஐஆர்எஸுக்கு அதிகாரம் இல்லை என்று 2019 மே மாதம் வரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020இல் ஐஆர்எஸும் இதை ஏற்றுக்கொண்டது. ஆக இன்றைய நிலை: சம்பளத்தை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம், அதே சம்பளத்தை இந்தச் சலுகைகளுக்காக ஈட்டிய வருமானமாகக் காட்டவும் செய்யலாம். ஒரே நிபந்தனை, காட்டுவதானால் முழுத் தொகையையும் காட்ட வேண்டும், வசதிக்கேற்பப் பாதி மட்டும் காட்ட முடியாது.

2025ஆம் வரி ஆண்டு எண்களை வைத்து இரண்டு குடும்பங்களைப் பார்ப்போம். இரண்டும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

முதல் குடும்பம்: கணவன், மனைவி, 17 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகள், எல்லோருக்கும் சோஷியல் செக்யூரிட்டி எண் உண்டு. வீட்டுக்கு வரும் ஒரே பணம், மகனைப் பார்த்துக்கொள்ளும் தாயின் 24,000 டாலர் பராமரிப்புச் சம்பளம். முதல் கட்டத்தில் பூஜ்யம் என்பதால் கணக்கே தாக்கல் செய்யாமல் விட்டால் கிடைப்பது ஒன்றுமில்லை. அந்த 24,000ஐ ஈட்டிய வருமானமாகக் காட்டினால், இரண்டு பிள்ளைகளுக்கான அதிகபட்சச் சலுகை 7,152 டாலர் கிடைக்கும். குழந்தை வரிச் சலுகையில் 2,500 டாலருக்கு மேலுள்ள ஈட்டிய வருமானத்தில் 15 சதவீதம், அதாவது 3,225 டாலர் சேரும். மொத்தம் 10,377 டாலர். 24,000 டாலரில் வாழும் வீட்டுக்கு இது ஐந்து மாதச் சம்பளத்துக்கு மேல்.

இரண்டாவது குடும்பம்: கணவர் மென்பொருள் வேலை, இருவரும் சேர்ந்து தாக்கல் செய்யும் கணக்கு 24 சதவீத வரி அடுக்கில் இருக்கிறது. மனைவி மகளைப் பார்த்துக்கொண்டு 30,000 டாலர் வாங்குகிறார். இவர்களுக்கு ஈட்டிய வருமானச் சலுகை கிடைக்க வாய்ப்பே இல்லை. ஆனால் விலக்கைப் பயன்படுத்தினால் மத்திய வரியில் 7,200 டாலரும், கலிஃபோர்னியாவின் 9.3 சதவீத அடுக்கில் 2,790 டாலரும் மிச்சம்.

இரண்டுக்கும் நடுவில் இருக்கும் குடும்பங்கள்தான் கவனமாகக் கணக்குப் போட வேண்டும். வீட்டில் வேறு சம்பளமும் இருந்தால், பராமரிப்புச் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டும்போது சலுகை கூடவும் செய்யும், வரம்பு தாண்டிக் குறையவும் செய்யும். இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சோஷியல் செக்யூரிட்டி தனிக் கணக்கு

வருமான வரி வேறு, அரசு ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டிக்கும் மெடிகேருக்கும் சம்பளத்தில் பிடிக்கும் 7.65 சதவீதம் வேறு. 2014 அறிவிப்பு இரண்டாவதைத் தொடவே இல்லை. அதனால்தான் முதல் கட்டத்தில் பூஜ்யம் உள்ள பல படிவங்களில் 3, 5ஆம் கட்டங்களில் முழுச் சம்பளம் இருக்கிறது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது சரியானதுதான்.

சில படிவங்களில் அந்தக் கட்டங்களும் காலி. கவலைப்பட வேண்டியது அப்போதுதான். குடும்பத்துக்குள் நடக்கும் வீட்டு வேலைக்குச் சட்டம் இந்தப் பிடித்தத்திலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறது:

1. கணவனுக்கு மனைவியோ, மனைவிக்குக் கணவனோ வேலை செய்தால்.
2. பிள்ளையிடம் தாய் அல்லது தந்தை வேலை செய்தால் (சில விதிவிலக்குகள் உண்டு).
3. பெற்றோரிடம் 21 வயதுக்குட்பட்ட பிள்ளை வேலை செய்தால்.

சட்டத்தின் கண்ணில், ஐஎச்எஸ்எஸ் போன்ற திட்டத்தில் பராமரிக்கப்படும் பிள்ளைதான் முதலாளி, தாய் அவரிடம் வேலை செய்பவர். அதனால் இரண்டாவது விதி வந்து பொருந்துகிறது. மாறாக, ஏஜென்சி ஒன்று தாயை வேலைக்கு வைத்துச் சம்பளம் கொடுத்தால் முதலாளி ஏஜென்சி. குடும்ப விலக்கு பொருந்தாது, 7.65 சதவீதம் பிடிப்பார்கள். 21 வயது தாண்டிய மகள் அம்மாவைப் பார்த்துக்கொண்டாலும் பிடிப்பார்கள்.

பிடிக்காவிட்டால் கையில் கொஞ்சம் கூட வருகிறது, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஓய்வூதியம் வாங்க, பதிவான சம்பளத்தை வைத்துச் சேரும் 40 கிரெடிட் வேண்டும், வருடத்துக்கு அதிகபட்சம் 4 கிரெடிட், 2025இல் ஒரு கிரெடிட்டுக்கு 1,810 டாலர் சம்பளம் பதிவாக வேண்டும். பிடித்தம் இல்லாத சம்பளம் பதிவாகாது. பத்து வருடம் இரவு பகலாக மகனைத் தூக்கிக் குளிப்பாட்டி உணவூட்டிய தாயின் பெயரில், அந்தப் பத்து வருடமும் சோஷியல் செக்யூரிட்டி பதிவேட்டில் வெற்றாக இருக்கும். தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டால் வாங்க வேண்டிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கும் ஆபத்து. 31 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பொதுவாகக் கடைசி 10 வருடத்தில் 20 கிரெடிட் கேட்கிறார்கள். கலிஃபோர்னியாவில் பெற்றோர், துணைவர் பராமரிப்பாளர்களுக்கு வேலையிழப்புக் காப்பீடும் இல்லை. பிள்ளை இறந்துபோனால், அந்தத் துக்கத்தோடு வருமானமும் அதே நாளில் நின்றுவிடுகிறது. இந்த விதி மாற வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

நானாகவே பணம் கட்டிக் கிரெடிட் சேர்த்துக்கொள்கிறேன் என்றால் அதற்கு வழி இல்லை. துணைவருக்குப் போதிய பதிவு இருந்தால் அவர் தொகையில் பாதிவரை துணைவர் ஓய்வூதியமாகக் கிடைக்கும். திருமணமே ஆகாத தாய்க்கு அதுவும் இல்லை. வாரத்தில் சில மணி நேரமாவது பிடித்தம் உள்ள வேறு வேலை செய்ய முடிந்தால், 2025 கணக்கில் வருடத்துக்கு 7,240 டாலர் பதிவானால் போதும், 4 கிரெடிட்டும் சேர்ந்துவிடும்.

பூஜ்யம் மற்ற இடங்களில் என்ன செய்கிறது

மருத்துவக் காப்பீட்டு மானியம் வரிக் கணக்கில் உள்ள வருமானத்தை வைத்துத்தான் தீர்மானமாகிறது. விலக்கு பெற்ற சம்பளம் அதில் சேராது. கலிஃபோர்னியாவில் இது நன்மை, வருமானம் குறைவாகத் தெரிவதால் மெடி-கால் (அந்த மாநிலத்தின் மெடிகெய்டு) கிடைக்கும். டெக்சஸ், ஃப்ளோரிடா போல மெடிகெய்டை விரிவாக்காத மாநிலங்களில் கதை வேறு. அங்கே பிள்ளைகள் இல்லாத ஒரு மகள், அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் சம்பளத்தை மட்டுமே நம்பி இருந்தால், அவருக்கு மெடிகெய்டும் இல்லை, வறுமைக் கோட்டுக்குக் கீழே வருமானம் இருப்பதாகக் கணக்காவதால் காப்பீட்டு மானியமும் இல்லை.

வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கி வரிக் கணக்கைக் கேட்கும். அதில் பூஜ்யம் இருந்தால் சம்பளச் சீட்டுகளையும், டபிள்யூ-2 படிவத்தின் 12ஆம் கட்டத்தையும் காட்டிப் புரியவைக்க வேண்டும். 2024 முதல் அந்தக் கட்டத்தில் 'ஐஐ' என்ற குறியீட்டுடன் விலக்கு பெற்ற வெய்வர் தொகையைக் காட்ட இடம் வந்திருக்கிறது.

ஓய்வுக்காலச் சேமிப்புக்கான ஐஆர்ஏ கணக்கில் பணம் போடவும் வரிக்குரிய சம்பளம் வேண்டும் என்பது பழைய விதி. 2019 டிசம்பரில் வந்த செக்யூர் சட்டம் இதைத் தளர்த்தியது. இப்போது கடினப் பராமரிப்புத் தொகையை வைத்தும், வரிக் கழிவு கிடைக்காத வகையில், ஐஆர்ஏவில் போடலாம். துணைவருக்குச் சம்பளம் இருக்கும் வீட்டில் இதற்கு வேறு வழியும் உண்டு. தனியாக இருப்பவருக்கு இதுதான் வழி.

சொந்தப் பணத்தில் சம்பளம் கொடுத்தால்

அம்மா தன் சேமிப்பிலிருந்து மகளுக்கு மாதம் 2,000 டாலர் கொடுக்கிறார், இருவரும் ஒரே வீடு. இதற்கும் விலக்கு உண்டு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. இது அரசுத் திட்டப் பணம் இல்லை என்பதால் மகளுக்கு இது வரிக்குரிய வருமானம். அம்மா வேலை கொடுப்பவர் என்று ஆனால், வருடச் சம்பளம் 2,800 டாலரை (2025 வரம்பு) எட்டினால் முழுச் சம்பளத்துக்கும் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பங்கைப் பிடித்து, தன் பங்கையும் சேர்த்து, 'ஷெட்யூல் எச்' என்ற தாள் வழியே கட்ட வேண்டும். எழுத்தில் ஓர் ஒப்பந்தமும் வேண்டும். பிற்காலத்தில் அம்மா நர்சிங் ஹோமுக்காக மெடிகெய்டு கேட்டால் 60 மாதக் கணக்கைத் தோண்டிப் பார்ப்பார்கள், ஒப்பந்தம் இல்லாத சம்பளம் அங்கே அன்பளிப்பாகத் தெரியும்.

முன்னாள் ராணுவத்தினரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கு ராணுவ நலத்துறை தரும் மாத உதவித்தொகைக்கு வருமான வரி இல்லை. அது வேறு சட்டத்தின் கீழ் வருவது.

படிவத்தில் எங்கே எழுதுவது

1. முதல் கட்டத்தில் பூஜ்யம், சலுகையும் கேட்கப்போவதில்லை என்றால் இந்தச் சம்பளத்துக்காகத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.
2. முதல் கட்டத்தில் சம்பளம் அச்சாகியிருந்து, நீங்கள் விலக்குக்கு உரியவர் என்றால், 1040 என்ற வருமான வரிப் படிவத்தில் 1ஏ வரியில் அதை எழுதிவிட்டு, 'ஷெட்யூல் 1' தாளின் 8எஸ் வரியில் அதே தொகையைக் கழித்தல் தொகையாகக் காட்டுங்கள்.
3. டபிள்யூ-2 படிவத்தின் முதல் கட்டத்தில் வராத வெய்வர் தொகையைச் சலுகைக்காகக் காட்டுவதென்றால் 1டி வரியில் எழுதி, அதையும் 8எஸ் வரியில் கழிக்க வேண்டும்.
4. திட்டம் உங்களை ஒப்பந்தக்காரர் என்று கருதி 1099 படிவம் கொடுத்தால் கணக்கு, சுயதொழில் வருமானத்துக்கான 'ஷெட்யூல் சி' வழியே போகும். அந்த இடத்தில் மட்டும் வரி ஆலோசகர் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரே வீட்டில் வாழ்ந்ததற்கான சான்றுகளை எடுத்து வையுங்கள்: ஓட்டுநர் உரிமம், வாடகை ஒப்பந்தம், பராமரிப்புத் திட்டத்தின் நகல். ஐஆர்எஸ் கேள்வி கேட்டால் முதலில் கேட்பது இதைத்தான்.

விலக்கு தெரியாமல் வரி கட்டிவிட்டவர்களும், சலுகை கேட்காமல் விட்டவர்களும் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவத்தில் பழைய வருடங்களைச் சரிசெய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். பொதுவாகக் கணக்கு தாக்கல் செய்த நாளிலிருந்து 3 வருடம் வரைதான் அவகாசம். கணக்கே தாக்கல் செய்யாத வருடம் என்றால், முதல் முறையாக 1040 தாக்கல் செய்ய வேண்டும். அந்த 3 வருடம், வழக்கமாக ஏப்ரலில் வரும் கடைசித் தேதியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.